படுத்திருக்கும் காட்டெருமை: நடுவர் தேர்வும் மக்கள் ஓட்டும் உள்ள கண்காட்சிக்கு ஒரு சிற்பத்தைக் கொண்டுபோவது எப்படி

நடுவர் குழு தேர்ந்தெடுத்து, பிறகு பொதுமக்கள் ஓட்டுப் போடும் நகரக் கண்காட்சியில் ஒரே படைப்பு இரண்டு முறை ஜெயித்தாக வேண்டும். முதல் சுற்றில் அதை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ஐந்தாறு புகைப்படங்களும் ஒரு படிவமும்தான் நடுவர்கள் கைக்குப் போகின்றன. இரண்டாம் சுற்றில் அந்தப் புகைப்படங்களுக்கு வேலையே இல்லை. நெரிசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் ஒருவர் அங்கே நிற்கிறாரா, நின்றவர் ஓட்டுப் போட்டுவிட்டு நகர்கிறாரா என்பதுதான் கணக்கு. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்குச் செய்த தயாரிப்பு மற்றதற்கு உதவாது. நல்ல படைப்புகள் தேர்வாகியும் ஓட்டில் காணாமல் போவது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி நிகழ்வு. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் நான்கு பேர் சேர்ந்து உண்ணிச்செடி (லாண்டானா) தண்டால் முழு அளவுக் காட்டெருமை ஒன்றைச் செய்கிறார்கள். மே மாதம், கோடைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, ஊட்டியில் ஒரு பழைய கல் கட்டிடத்தில் கண்காட்சி. ஆட்களும் கண்காட்சியும் விளக்குவதற்காகக் கற்பனை செய்தவை. பொருள், அளவு, எடை, சாலை, ஈரம் எல்லாம் நடைமுறையில் உள்ளவை.

மக்கள் ஓட்டு எதைப் பார்க்கிறது

மக்கள் ஓட்டுப் போடும் கண்காட்சிகளில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், கிராண்ட் ராபிட்ஸ் நகரத்து ஆர்ட்பிரைஸ். 2009ல் தொடங்கியது. அங்கே உள்ளே வருவதற்கு நடுவர் கிடையாது. கலைஞர் பதிவு செய்துகொண்டு, தன் படைப்பை வைக்க இடம் தரும் ஒரு கட்டிடக்காரரைப் பிடிக்க வேண்டும். முதல் ஆண்டில் பரிசை முழுக்க மக்கள் ஓட்டே தீர்மானித்தது. 2,50,000 டாலர் முதல் பரிசு ரான் ஆர்ட்னரின் பெரிய கடல் ஓவியத்துக்குப் போனது. 2012ல் அடோனா கேர் கரிப்பென்சிலில் வரைந்த யானைகள் வென்றன. 2014ல் பெரிய பரிசை இரண்டாக்கி, மக்கள் ஓட்டுக்கு 2,00,000 டாலர், நடுவர்களுக்கு 2,00,000 டாலர் என்று வைத்தார்கள்.

மக்கள் கண்ணும் நடுவர் கண்ணும் எவ்வளவு விலகிப் போகும் என்பதற்கு 2017 நல்ல சான்று. மக்கள் சுமார் 24,000 ஒரு சென்ட் நாணயங்களை ஒட்டிச் செய்த லிங்கன் உருவத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். நடுவர்கள் சேட்டு ஜோன்ஸ் நீண்ட மேசை போட்டு ஊராரை உட்காரவைத்து நடத்திய சமபந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்களுக்கு உருவம் உடனே புரிய வேண்டும், அதில் போட்ட உழைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். "இதைக் கையாலயா செஞ்சாங்க?" என்ற கேள்வி எழுந்துவிட்டால் பாதி ஓட்டு விழுந்த மாதிரி. நடுவர்களோ இந்தப் பொருளை ஏன் எடுத்தார்கள், இந்த ஊருக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பார்கள்.

இரண்டு தரப்பையும் ஒரே ஆண்டில் பிடித்தது 2014ல் அனிலா கய்யூம் ஆகாவின் படைப்பு. ஆறரை அடிச் சதுரப் பெட்டி ஒன்றில் மரத்தகட்டைப் பூவேலையாக வெட்டி, நடுவில் ஒரே ஒரு விளக்கு. நிழல் அறை முழுக்கச் சுவரிலும் தரையிலும் விழுந்தது. உள்ளே வந்தவர் உடம்பிலும் அந்தக் கோலம் படிந்தது. பார்க்க வந்தவரும் படைப்புக்குள் வந்துவிடுகிறார். நடுவர் பரிசு இன்னொருவருடன் பகிரப்பட்டாலும், மக்கள் பரிசு முழுதாக அவருக்கே. பிரம்மாண்டம் மட்டுமே ஓட்டு வாங்கும் என்று சொல்பவர்கள் இந்த ஒன்றை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஏன் உண்ணிச்செடி, ஏன் படுத்த நிலை

உண்ணிச்செடி 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குள் வந்து, இன்று நீலகிரிக் காடுகளின் அடிப்பரப்பை மூடிக் கிடக்கிறது. அதை வெட்டி எடுப்பது காட்டுக்கு நல்லது, தண்டு வளைக்க வாகானது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்தத் தண்டால் செய்த முழு அளவு யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024ல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போயின. அதனால் யானை செய்வது இப்போது அவர்கள் கை முத்திரை. அதையே திரும்பச் செய்து போட்டிக்கு அனுப்புவது முறையும் இல்லை, நடுவர்களிடம் எடுபடவும் செய்யாது. கோத்தகிரி, குன்னூர்க்காரர் தினம் பார்ப்பது தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமை. அதுவே சரியான உருவம்.

நின்ற நிலையில் ஆண் காட்டெருமையின் தோள் ஆறடியைத் தொடும். அதைச் செய்தால் வாசலும் வண்டியும் சேர்ந்து எதிரியாகிவிடும், சாயாமல் நிறுத்தத் தனி மேடையும் வேண்டும். படுத்து அசைபோடும் பெண் காட்டெருமை என்றால் திமில் உயரம் 4 அடி, தலையோடு நீளம் ஏழரை அடி, மடக்கிய கால்களோடு அகலம் மூன்றரை அடி. கனம் தரைக்கு அருகில் இருப்பதால் சாயாது. குழந்தையின் கண்ணுக்கு நேராக அதன் கண் வரும். ஓட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அகலத்தில்தான் சிக்கல். பழைய கட்டிடங்களில் திறந்த கதவின் இடைவெளி 3 அடி இருந்தால் அதிகம். மூன்றரை அடி உடலை நிமிர்த்தினாலும் படுக்கவைத்தாலும் அதற்குள் போகாது. ஆகவே வெளியே துருத்தும் முன்கால், பின்கால் பகுதிகளையும் தலையையும் தனித்தனியாகச் செய்து போல்ட்டில் மாட்ட வேண்டும். அப்போது நடு உடல் 2 அடி 8 அங்குலம். கதவில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிஞ்சும். வாசலை அளக்கும்போது சட்டத்தை அளந்து ஏமாறாதீர்கள். கதவைத் திறந்து வைத்து, கீல் பக்கம் கதவு தின்னும் இடத்தைக் கழித்து அளக்க வேண்டும். உள்ளே திரும்பும் மூலை இருந்தால் அதையும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

செய்முறை

மே மாதக் கண்காட்சிக்கு ஜனவரியில் வெட்ட வேண்டும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை ஈரத்தை விடாது. நவம்பரில் வெட்டிய தண்டு காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது. பட்டா நிலத்திலோ எஸ்டேட்டிலோ வெட்டினால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பொருள் எங்கிருந்து வந்தது என்று படிவத்தில் கேட்டால் அதுதான் பதில். காயுள்ள கிளைகளை வெட்டிய இடத்திலேயே கழித்துவிட வேண்டும். ஒரு கைப்பிடிப் பழம் வழியில் சிந்தினால் அங்கே புதுப் புதர்.

கட்டைவிரல் தடிப்புத் தண்டுகளை 200 லிட்டர் பேரலில் கொதிக்க வைக்கிறார்கள். தடிப்பைப் பொறுத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். நகத்தால் கீறி இழுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு முழு நீளத்துக்கும் வர வேண்டும். பாதியில் அறுந்தால் இன்னும் வேகவில்லை. சூட்டோடு உரித்து, சூட்டோடு வளைக்க வேண்டும். ஆறியபின் வளைத்தால் உள்வளைவில் நார் பிளக்கும். பிப்ரவரி முதல் காட்டுத்தீக் காலம் என்பதால் அடுப்பு வீட்டு முற்றத்தில்தான், சுற்றிலும் சருகு கூட்டி, இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் வைத்து.

எலும்புக்கூடு கம்பியில். முதுகு, தோள், இடுப்பு, அடித்தளம் 10 மி.மீ. கம்பி சுமார் 40 மீட்டர். விலாவுக்கு 6 மி.மீ. கம்பி சுமார் 60 மீட்டர். மீட்டருக்கு எடை முறையே 0.617 கிலோ, 0.222 கிலோ. ஆக 24.7 கிலோவும் 13.3 கிலோவும் சேர்ந்து 38 கிலோ. காய்ந்த தண்டு 70 கிலோ வைத்தால் மொத்தம் 108 கிலோ. இந்தக் கணக்கைப் படிவத்தில் எழுதத்தான் போட வேண்டும். "சுமார் 200 கிலோ இருக்கும்" என்று உத்தேசமாக எழுதினால், மரத்தளம் உள்ள கட்டிடத்தில் அதை வைத்தே உங்களைத் தள்ளிவிடுவார்கள்.

முதுகில் 6 மி.மீ. போதும் என்று முதலில் தோன்றும். போதாது. படுத்திருக்கும் மாட்டைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் ஏறி உட்காரத் தோன்றும். கயிறு கட்டினாலும் ஏறும். முதுகுத் தண்டிலும் அதன் இருபக்கமும் 10 மி.மீ. கம்பி ஓட வேண்டும், கொம்பு நுனியைத் தேய்த்து உருட்டிவிட வேண்டும்.

வளைத்த தண்டைக் கட்டுக்கம்பியால் கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தண்டு காயும்போது சுருங்கும், கட்டு தளரும். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு கட்டையும் குறடால் இன்னொரு முறுக்கு முறுக்க வேண்டும். கண்காட்சிக்கு முன் மறுபடி ஒருமுறை. முறுக்கிய முனைகளை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், யார் கையையும் கிழிக்காமல் இருக்கும்.

நிறத்துக்குப் பெயிண்ட் தேவையில்லை. உரித்த தண்டு வெளிர் மஞ்சள். உடலுக்கு மட்டும் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு கொடுத்தால் நிறம் ஆழமாகும். முழங்காலுக்குக் கீழே எண்ணெய் தொடாமல் விட்டால் காட்டெருமைக்கே உரிய வெள்ளைக் காலுறை தானாக வந்துவிடுகிறது. படைப்பிலேயே அழகான இடம் இதுதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறி, சுருட்டிய துணி தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயவைத்து, பிறகு தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

நடுவர் மேசைக்குப் போவது

முதல் சுற்றில் ஒரு படைப்புக்கு நடுவர் கொடுப்பது சில நொடிகள். முதல் படத்தில் பொருள், அளவு, உருவம் மூன்றும் தெரிய வேண்டும். மாட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து, முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்த கோணத்தில் எடுப்பது முதல் படம். இரண்டாவதில் ஒரு ஆள் பக்கத்தில் குந்தியிருக்கட்டும், அளவு தெரிய. மூன்றாவது கையளவுத் தூரத்தில் தண்டும் கட்டும். நான்காவது பின்பக்கம். ஐந்தாவது தலை மாட்டும் இணைப்பு. ஐந்தாவதைப் பலர் அனுப்புவதில்லை. இதை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற நடுவரின் சந்தேகத்தை அந்த ஒரு படம் தீர்த்துவிடும்.

போனை அருகே பிடித்தால் மூக்கு பெரிதாகி உடல் சுருங்கும். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். பின்னணியில் தேயிலை வேண்டாம். இலைக்கூட்டமும் தண்டுக்கூட்டமும் கலந்து மாடு மறைந்துவிடும். சாம்பல் நிறச் சுவர் அல்லது சுருக்கமில்லாத வெள்ளைப் படுக்கைவிரிப்பு போதும். வெயிலை விட மேகமூட்டம் நல்லது. ஆனால் மூடுபனி இறங்கியபின் எடுத்தால் எல்லாம் பால் கலந்தாற்போல் வெளுத்துவிடும்.

குறிப்புரையில்தான் நல்ல படைப்புகள் தோற்கின்றன. முதலில் எழுத வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான ஆழமான உறவையும் அதன் சிதைவையும் இப்படைப்பு பேசுகிறது." இதை எந்தப் படைப்புக்கும் ஒட்டலாம். திருத்தியது: "இந்தக் காட்டெருமை உண்ணிச்செடித் தண்டால் ஆனது. இந்தச் செடி மூடிய இடத்தில் புல் வளர்வதில்லை. காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்கும் ஊருக்குள்ளும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் மேய்ச்சலைப் பறித்த செடியிலேயே அதைப் படுக்க வைத்திருக்கிறோம்." கடைசி வரி வந்ததும் நடுவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். பலர் சேர்ந்து செய்திருந்தால் அத்தனை பேரையும் கலைஞர் பத்தியில் எழுத வேண்டும். தண்டு வளைத்தவரை "உதவி" என்று எழுதுவது அநியாயம்.

அளவு எழுதும்போது உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையையும் அலகையும் படிவம் கேட்டபடியே எழுதுங்கள். அங்குலத்தில் அளந்து சென்டிமீட்டர் கட்டத்தில் எழுதினால் 90 அங்குல மாடு 90 சென்டிமீட்டர் பொம்மையாகிவிடும். அதற்கேற்ற மூலைதான் ஒதுக்குவார்கள்.

மலைச்சாலையில்

டாடா ஏஸின் பின்தட்டு 7 அடிக்குச் சற்று மேல் நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். தலை கழற்றிய உடலும் கால்களும் பக்கத்தில் பக்கமாக அமரும். கயிறு போடும்போது கம்பியைச் சுற்றிப் போட வேண்டும், தண்டைச் சுற்றிப் போட்டால் முதல் வளைவிலேயே நொறுங்கும். முழுக்க பாலிதீனால் சுற்றவும் கூடாது. காலைக் குளிரில் ஏற்றி, மதிய வெயிலில் இறக்கும்போது உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். பழைய பருத்தி விரிப்பு சுற்றி, மேலே காற்றுப் போக இடம் விட்டுத் தார்ப்பாய் கட்டினால் போதும். உள்ளூர் டி.என். 43 வண்டிக்கு இ-பாஸ் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வாடகைக்கு எடுத்தால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மேயில் கொண்டுவந்த இந்த இ-பாஸ் அனுமதி விஷயத்தை முன்கூட்டியே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள்.

சுவரும் ஓட்டும்

தேர்வான பிறகு கலைஞர்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இடம் ஒதுக்கும் நாளில்தான் ஓட்டுப் பாதி முடிவாகிறது. ஒரு எளிய கணக்கு: வாசலுக்கு வரும் 10 பேரில் 3 பேர்தான் பக்கத்து அறைக்குத் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் பார்ப்பவர்களில் மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட்டாலும் கிடைப்பது ஒன்று. நடுக்கூடத்தில் உள்ள சுமாரான படைப்புக்கு ஐந்தில் ஒருவர் போட்டாலே இரண்டு. அறையை மாற்றித் தர மாட்டார்கள். ஆனால் மாட்டின் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வாசலிலிருந்து பார்த்தால் முகமும் கொம்பும் தெரிய வேண்டும். பின்புறம் தெரிந்தால் விறகுக் குவியல் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

விளக்கு எல்.இ.டி. ஆக இருக்கட்டும். ஹாலஜன் வேண்டாம், எண்ணெய் பூசிய காய்ந்த மரம் இது. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒரு விளக்கு போட்டால் விலாக்களின் நிழல் சுவரில் விழுந்து படைப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

பெயர்ப்பலகை தரையிலிருந்து 4 அடி உயரத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஊட்டிக்கு வரும் கூட்டத்தில் மலையாளிகளும் கன்னடக்காரர்களும் நிறைய. இரண்டு வரி அவர்கள் எழுத்திலும் இருந்தால் நின்று படிப்பார்கள். வெறும் தாளில் அச்சிட்டு ஒட்டினால் ஈரத்தில் மறுநாளே சுருளும். கெட்டி அட்டையில் முழுக்க ஒட்டி, மங்கல் பூச்சு கொடுக்க வேண்டும். பளபளப்புப் பூச்சில் விளக்கு எதிரொளித்து க்யூ.ஆர். குறியீட்டைப் போன் படிக்காது. நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு குறியீட்டின் அளவு. 90 சென்டிமீட்டரில் நிற்பார்கள் என்றால் 9 சென்டிமீட்டர்.

கனமான கல் சுவருக்குள் பல போன்களில் சிக்னல் இருக்காது. ஓ.டி.பி. வந்து சேருவதற்குள் குடும்பம் அடுத்த அறைக்குப் போயிருக்கும். இதை நிர்வாகிகளிடம் முன்பே சொல்லி, உள்ளே வைஃபையோ வாசலில் தாள் ஓட்டுப்பெட்டியோ கேட்க வேண்டும். அது எல்லாப் படைப்புக்கும் நல்லது என்பதால் மறுக்க மாட்டார்கள். படைப்பு எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். வெளியே போய் ஓட்டுப் போடுபவர் மனதில் நிற்பது பெயரல்ல, எண்தான்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "ஓட்டுப் போடுங்க" என்று அனுப்புவதற்கு முன் விதியைப் படியுங்கள். கிராண்ட் ராபிட்ஸில் ஓட்டுப் போட அந்த நகரத்தில் இருந்தாக வேண்டும் என்று வைத்தார்கள். நேரில் வந்தவர் ஓட்டுதான் செல்லும் என்ற விதி இருந்தால் சென்னையிலிருந்து வரும் நூறு லைக்கால் பயனில்லை. அதற்குப் பதில் யாராவது ஒருவர் தினமும் மாலை நான்கு முதல் ஆறு வரை மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையில் இரண்டு தண்டு வைத்துக்கொண்டு, தோலோடு ஒன்று, உரித்தது ஒன்று, வருபவர் கையில் கொடுக்கலாம். சிற்பத்தைத் தொடாதே என்று சொல்வதை விட, தொட ஒன்றைக் கையில் கொடுப்பது மேல். அதை வாங்கி முகர்ந்து பார்த்தவர் ஓட்டுப் போடாமல் போவது அபூர்வம்.

முதல் வாரத்தில் உள்ளே கூட்டச் சூட்டில் மரம் மேலும் காய்ந்து சில கட்டுகள் தளரும், தண்டு கிரீச்சிடும். மூன்றாம் நாள் காலை, திறப்பதற்கு முன், குறடோடு ஒரு சுற்று வர அனுமதி வாங்கிவையுங்கள்.

பிரிக்கும் நாளில் அவசரப்படுத்துவார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் 12 மி.மீ. போல்ட் இரண்டு, மூன்று இணைப்புக்கு ஆறு. கழற்றியதும் நட்டு, வாஷரோடு துணிப்பையில் போட்டு, 19ஆம் நம்பர் ஸ்பேனரையும் அதிலேயே வைத்து, கழுத்துக்கு உள்ளே கம்பியில் கட்டிவிடுங்கள். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மடக்கிய கால்களின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் படாத இடம் அது, தரை ஈரம் ஏறிப் பூஞ்சணம் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.